ஜக்கின் வயிற்றில் ஒரு சிவப்பு

சர்வேயர் நாற்பது நாளாகச் சமையல் மேடையோரம் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் இடமில்லை. அதன்மேல் ஓர் எவர்சில்வர் ஜக், இரண்டு எலுமிச்சம்பழம், பாதி உரித்த வெங்காயம், கீழே பழுப்புத் துணி. இவற்றைப் பார்த்து ஆயில் பெயின்டில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஜக்கைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு, தன் முக்காலியின் கால்களைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு. அரை அங்குலம் நகர்ந்தாலும் போச்சு, எல்லாம் மாறிவிடும். முப்பத்துநான்கு வருஷம் ஊரார் நிலத்தை அளந்த மனுஷர், ஓய்வு பெற்றதும் எலுமிச்சம்பழத்தை அளக்கக் கிளம்பிவிட்டார், என்னத்தைச் சொல்ல!

அழுகுகிறதை முதலில் முடி, அழுகாததைக் கடைசிக்கு வை என்பது அவர் கணக்கு. பழமும் வெங்காயமும் படத்தில் ஏறிய பிறகுதான் மேசையில் சுருங்கிப்போயின. ஜக் மட்டும் பாக்கி.

மனைவி போய் நான்கு வருஷம். ஈ காக்கை எட்டிப் பார்க்காத வீடு. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் இவரும் பதிலுக்கு வணக்கம் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார். அதனால் மகள் போனில், "மூணு நாள் லீவுப்பா, வரேன்" என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் எந்த மூலைக்கு? பத்து நாளாவது இருந்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்று தனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். ஆனால் பெற்ற பெண்ணிடம் போய்க் கெஞ்சுவதா? அந்த வீராப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

அவள் இழுத்து வந்த பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "மூணு நாளைக்கு வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா பாப்பா?"

அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தார். எட்டிலிருந்து பத்து வரைதான் ஜன்னலில் அவருக்கு வேண்டிய வெளிச்சம். மகள் அவருக்குப் பின்னால், அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு விஷயம்..."

"அசையாத! அப்படியே நில்லு பாப்பா!"

ஜக்கின் பளபளத்த வயிற்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு விழுந்திருந்தது. மகள் போர்த்தியிருந்த சால்வை. இத்தனை நாளும் அந்த ஜக்குக்குள் அவர் ஒருவர்தான் இருந்தார், இன்றைக்கு இரண்டு பேர். அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஆனாலும் திரும்பவில்லை, திரும்பினால் முக்காலி நகர்ந்துவிடுமே.

"ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு வரையலாமேப்பா."

"போட்டோவா? எதிர்ல இருக்கிறதப் பாத்துதான் வரையணும். மத்ததெல்லாம் புளுகு."

வரையும்போது அவர் பொருளைப் பார்க்க மாட்டார், நிறத்தைத்தான் பார்ப்பார். எலுமிச்சம்பழம் என்று நினைத்தால் மனசில் கிடக்கிற பழத்தைக் கை வரைந்துவிடும். இங்கே மஞ்சள், அங்கே பழுப்பு என்று பார்த்தால்தான் கண்ணெதிரே இருப்பது வரும். மகளையும் அப்படியேதான் பார்த்தார். கீழே சிவப்பு, மேலே ஒரு பொட்டு மாநிறம், அதற்கும் மேலே கறுப்பு.

மூன்று நாளும் காலையில் அவள் அங்கே வந்து நின்றாள். சில விஷயங்களை முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது, முதுகைப் பார்த்தால்தான் வாய் எழும்பும். எழும்பியபோதெல்லாம் அவர், "பத்து மணிக்கு மேல பேசிக்கலாம் பாப்பா, வெளிச்சம் போயிடும்" என்றார். ஒருதரம், "சிவப்பு மேல ஏறுது, கையக் கீழ போடு" என்று அதட்டினார். கை இறங்கியது, மறுபடியும் ஏறியது. சரி, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று மாநிறத்தின் மேல் ஒரு சிவப்புத் தீற்று வைத்தார். பத்து மணிக்கு மேல் பேசியதெல்லாம் அவர்தான். நான்கு வருஷப் பேச்சைக் கொட்டித் தீர்த்தார். அவள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒருவழியாகத் தைரியம் வந்தது. "பாப்பா, நீ..." என்று ஆரம்பித்தார். கடைசி நிமிஷத்தில் நாக்கு புரண்டுவிட்டது. "நீ இன்னும் ரெண்டு நாள் நின்னா ஜக் முடிஞ்சிடும். அப்புறம் நீ பாட்டுக்குக் கிளம்பலாம்."

பத்து நாள் இரு என்று சொல்ல வந்த வாய் அது!

மகள் எழுந்துபோய்ப் பெட்டியை மூடினாள். "இல்லப்பா, இன்னிக்கே கிளம்பறேன்" என்றாள்.

மறுநாள் ஜக்கில் வெறும் வாசல்தான் தெரிந்தது. பிரஷைத் தொடப் பிடிக்கவில்லை. படத்தைத் தூக்கி எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கிட்டே நின்றால் வெறும் தீற்றல்களாக இருப்பது தூரத்தில்தான் ஒன்று சேரும்.

சேர்ந்தது. ஜக்கின் வயிற்றில் ஒரு பெண் சால்வை முனையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"அடப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு போனைத் தேடினார்.

"பாப்பா, இங்க நின்னு அழுதியா?"

"இப்பதான் பாத்தீங்களாப்பா?"

"மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா? போன அவர்கிட்ட குடு, நான் கேக்கறேன்."

"நான் அந்த வீட்ல இல்லப்பா. வெளிய வந்து ஒரு மாசமாச்சு, ஒரு ஃபிரண்டு வீட்ல இருந்தேன். இன்னிக்குக் காலைலதான் ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூமுக்கு மாறினேன்."

"ரூமா? உனக்கெதுக்குடி ரூம்? இவ்வளவு பெரிய வீட்ல நான் ஒருத்தன் பேய் மாதிரி சுத்திட்டிருக்கேன்! நீ இங்கயே இருந்துட மாட்டியான்னு எனக்கு..." குரல் உடைந்தது. "இங்கயே இருக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாப்பா!"



"அதைக் கேக்கத்தாம்பா வந்தேன்" என்றாள் மகள்.