வலது நாற்காலி

அத்தான் வயலின் வில்லால் என் காதில் குத்தியது, அன்றைய ஒத்திகையில் அது நான்காவது முறை. முதல் மூன்றுக்கும் "சாரி" சொன்னார். நான்காவதற்கு அவருக்கே அலுத்துவிட்டது போல, சொல்லவில்லை.

குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் இருவரும் நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை செய்கிறோம். அவர் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அறுப்பு மெஷினின் சுவிட்சைப் போட்டது நான்தான். அவர் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. முதலாளி, அக்கா, எல்லாரிடமும் "சுவிட்ச் தானா ஆன் ஆயிடுச்சு" என்று சாதித்துவிட்டேன். நல்ல சுவிட்சைக் கழற்றித் தூக்கிப் போட்டார்கள்.

விரல் போனால் வயலினை மூட்டை கட்டிவிடுவார் என்று பார்த்தால், மனுஷன் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டினார். வயலின் வலது தோளுக்கு வந்தது. வில், இடது கையில் மிச்சமிருந்த மூன்று விரலுக்குள் போயிற்று. எட்டு மாதம் வீட்டில் அறுத்துத் தள்ளினார். அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாள். ஒருநாள் பஞ்சை எடுத்துவிட்டு, "இப்ப பரவால்லடா, பாட்டு மாதிரிதான் இருக்கு" என்றாள்.

ஆனால் கை மாறினால் முழங்கையும் மாறும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் இசைக்குழுவில் இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். கேட்பவர்கள் பக்கம் இருக்கும் வலது நாற்காலி மூத்தவருக்கு. இடது நாற்காலிக்காரன் இளையவன், தாளைத் திருப்புவது அவன் வேலை. பதினோரு வருஷமாக அத்தான் வலது, நான் இடது. இப்போது அவர் வில் இடப்பக்கம் பாய்கிறது, என் வில் வலப்பக்கம். நடுவில் என் காது.

ஐந்தாவது குத்து புருவத்தில் விழுந்தது. ரத்தம் எட்டிப் பார்த்தது. குழுவை நடத்தும் மாஸ்டர் கையை இறக்கினார்.

"ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க. தீர்ந்துச்சு."

"முடியாது மாஸ்டர்," என்றேன் நான்.

"ஏன்?"

"குத்து வாங்குறது எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல."

"எனக்குக் கஷ்டமா இருக்கே! கச்சேரியில ரத்தம் வந்தா யாரு பதில் சொல்றது? மாற மாட்டேன்னா, அவரு குழுவுல இருக்க முடியாது."

அத்தான் வயலினைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார். எட்டு மாதமும் அந்தப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அன்னிக்கு சுவிட்ச் போட்டது நான்தான்," என்றேன். முப்பது பேரும் கேட்டார்கள். "பாக்காம போட்டுட்டேன். விரலையும் எடுத்துட்டு, இவர் நாற்காலியையும் எப்படி எடுத்துக்கிறது மாஸ்டர்?"

அத்தான் பெட்டியை மூடினார். பிறகு திறந்தார்.

"தெரியும்டா," என்றார். "அந்த சுவிட்ச மாட்டினதே நான். நல்லாத்தான் மாட்டினேன்."

வயலினை மறுபடி வெளியே எடுத்தார்.

"எந்திரி. இனிமே தாளை நான் திருப்புறேன்."

இடம் மாறினோம். முதல் தாளை, வாசிக்க இன்னும் நாலு வரி இருக்கும்போதே திருப்பிவிட்டார். கண்ணில் படாமல் போன அந்த நாலு வரியையும் எப்படியோ வாசித்துவைத்தேன்.