சகலையின் இயந்திரத்துக்கு மதிப்பெண்

சகலை என்றாலே மதிப்பீட்டாளருக்கு வயிறு எரியும். மனைவியின் தங்கை புருஷன், வயதில் சின்னவன். ஆனால் மாமியார் வீட்டில் முதல் தட்டு அவனுக்குத்தான். கெட்டிப் பசையைச் சிந்தாமல் டப்பாவில் நிரப்ப ஒரு இயந்திரம் செய்துவிட்டானாம், அதற்கு அத்தனை ஆர்ப்பாட்டம்! அவன் அளக்க ஆரம்பித்தால் மாமியார் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். இவர் தலை குனிந்து தட்டையே பார்ப்பார்.

அந்த இயந்திரத்தை ஒரு தொழிற்சாலை வாங்க வந்தது. தொழில்நுட்பம் அங்குள்ளவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று மதிப்பெண் போடும் வேலை இவர் மேசைக்கே வந்தது. உறவை அலுவலகத்தில் சொல்லியிருக்கலாம்; சொல்வாரா? தேறாவிட்டால் இயந்திரம் திரும்பி வந்துவிடும். மதிப்பீட்டுப் படிவத்தில் பாதி மதிப்பெண்ணை ஒரே கேள்விக்கு வைத்தார்: செய்தவன் இல்லாமல் ஓடுமா? நல்ல கேள்விதான். பாதி வைத்தது மட்டும் வயிற்றெரிச்சல்.

சோதனையன்று சகலையைத் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்.

"எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. வெளியாள் வாய் திறந்தா தோல்வி."

"சரிண்ணே."

காலையில் இயந்திரம் ஜோராக ஓடியது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு போட்டால், பசை வரவில்லை. இயக்குகிற பெண் வேகத்தைக் கூட்டினாள். குழாய் புடைத்தது. மாட்டினான்டா பயல்! இவருக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. பேனாவைத் திறந்தார். அவள் இன்னும் கூட்டினாள்.

"ஐயோ, கூட்டாதீங்கம்மா! நின்னா குழாய் மூக்குல பசை ஆடை கட்டிக்கும். ஒரு தடவை பின்னால இழுத்துட்டு அப்புறம் விடுங்க!"

கத்தியது யார்? இவரேதான். அவள் அப்படியே செய்தாள். பசை வழுவழுவென்று இறங்கியது.

"இதை எங்களுக்கு யாருமே சொல்லலையே சார்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியுமா? ஒருநாள் தேன் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டி அவன் அளந்தானே, அப்போது மனசுக்குள் திட்டிக்கொண்டே கேட்டது. ஒரு சொல் தவறவில்லை. கட்டிய மனைவி பேச்சைக்கூட அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்து சகலை உள்ளே ஓடி வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் பேசும்போதெல்லாம் தட்டையே பார்ப்பீங்களேண்ணே. உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனைச்சேன்."

"பிடிக்கலதான்." பேனாவை மூடினார். "இன்னிக்கு நீ தோல்விதான், வாய் திறந்தது நானா இருந்தாலும். அடுத்த வாரம் மறுபடி வரேன். அதுக்குள்ள, எங்கிட்ட பீத்திக்கிட்ட மாதிரியே இவங்ககிட்டயும் ஒண்ணு விடாம பீத்து."