அடியில் ஒரு தையல்

ஆஸ்டின் டவுனில் இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். யாருக்கு எங்கே டாட் என்கிற பிடிப்புத் தையல் பிடித்தால் எடுப்பாக நிற்கும் என்று ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். என் உடம்புக்குத்தான் என் கத்தரிக்கோல் உதவவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, சர்க்கரைக்குப் பயந்து இருபத்திரண்டு கிலோ இளைத்ததில் மார்பு தொங்கிப்போனது. வெயில் காலம் முழுக்க மடிப்புக்கு அடியில் புண். அது மட்டும் காரணமில்லை. நான் தைக்கிற ரவிக்கை எனக்கும் எடுப்பாக நிற்க வேண்டும் என்று ஆசை. அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆபரேஷன் செய்து மார்பைத் தூக்கிக்கொள்ளப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் நாகேஷ், இந்த வயதில் யாருக்குக் காட்ட என்று கேட்டார். நான் விடாப்பிடியாக நிற்கவே ஒரு நிபந்தனை போட்டார். தழும்பு இருக்கவே கூடாது. காம்பைச் சுற்றி மட்டும் வெட்டித் தூக்கிவிடுவதாகப் போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அப்படிச் செய்தால்தான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவாராம். கணவன் கையெழுத்து இல்லாமல் எந்த டாக்டரும் தொட மாட்டார் என்று நானும் நம்பினேன்.

அல்சூர் கிளினிக்கில் டாக்டர் அதிதி காகிதத்தில் வரைந்து காட்டினார். சின்னத் தொய்வுக்குக் காம்பைச் சுற்றி ஒரு வட்டம் போதும். அதிகமானால் வட்டத்திலிருந்து கீழே நேராக ஒரு கோடு. ரொம்ப அதிகமானால் மடிப்போடு குறுக்கே இன்னொன்றும் வேண்டும். நாகேஷ் ஓட்டல் மெனுவைப் பார்க்கிற மாதிரி முதல் படத்தில் விரலை வைத்தார். டாக்டரும் அவரிடமே பேசிக்கொண்டிருந்தார். வட்டம் போதாது, வேண்டுமானால் நேர்கோட்டோடு முயற்சி செய்யலாம் என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. காகிதத்தை என் பக்கம் இழுத்தேன்.

"இவ்ளோ துணிய ஒரே டாட்ல பிடிச்சா அடியில சுருக்கம் விழும் டாக்டர். சரிதானே?"

டாக்டர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். பலருக்குச் சில மாதங்களில் அந்தச் சுருக்கம் அடங்கிவிடும், ஆனால் என் உடம்புக்கு மூன்றாவதுதான் பொருத்தம் என்று ஒப்புக்கொண்டார். தழும்பு நீளமாக இருக்கும். நாளாக ஆக மங்கும், மறையாது.

"தழும்பு வேணாம்னு சொல்றேன்ல," என்றார் நாகேஷ். "பார்க்கப்போறது நான்."

எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"தொங்கிப்போச்சுன்னு சொல்லிட்டு, பத்து வருஷமா லைட்டை அணைச்சிட்டுதான் இவர் கிட்டவே வர்றார் டாக்டர். இவருக்கு எந்தத் தழும்பு தெரியப்போவுது? கண்ணாடியில தினம் பார்க்கறது நான்தான். மூணாவதே போடுங்க."

நாகேஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கையெழுத்துப் போட மாட்டேன், எப்படி நடக்கிறது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

டாக்டர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "உங்க உடம்பு, உஷா. உங்க கையெழுத்து போதும்."

இது முன்னாலேயே தெரிந்திருந்தால் தனியாகவே ஆட்டோ பிடித்து வந்திருப்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்தத் தேதி என்று கேட்டேன்.