ஐந்து மணி பஸ்ஸின் ஆய்வறிக்கை

கோட்டைப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி போகும் காலை ஐந்து மணி பஸ்ஸை நிறுத்துவதற்கு நூற்றுப் பன்னிரண்டு பக்கம் தேவைப்பட்டது. முன்பெல்லாம் அதிகாரிகள் தோன்றியபடி நிறுத்திவிடுவார்கள். இப்போது சான்றுகளின் அடிப்படையில் நிறுத்துகிறார்கள்.

சென்னை ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து ரகுநாத் தன் குழுவோடு வந்து, மூன்று வாரம் டேப்லெட்டும் கையுமாக அந்த பஸ்ஸில் ஏறி இறங்கினார். சராசரிப் பயணிகள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் எண்ண வந்தவர்கள். அதையும் அடிக்குறிப்பில் நேர்மையாகச் சொல்லியிருந்தார்.

மிச்சமிருந்தது ஒன்பது மணி பஸ்தான். அது போய்ச் சேருவதற்குள் மீன் வாங்குகிறவர்கள் அறந்தாங்கியில் வேறு குழம்பு கொதிக்க வைத்திருப்பார்கள். கூடையில் மீன் கொண்டுபோய் விற்கும் அழகி இரண்டு வாரமாகப் பாதிக் கூடை மீனைக் கருவாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் தொழிலை விட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மணமேல்குடி அலுவலகத்தில் அறிக்கை விளக்கக் கூட்டம். திட்ட அதிகாரி சூர்யநாராயணன் வழவழப்பான அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“இனிமே ஊகத்துக்கு இடமில்ல. எல்லாமே டேட்டா.”

பின்வரிசையில் அழகி எழுந்தாள். “அந்த பஸ்ஸுல நாங்க நாப்பது பொம்பளைக போனோமுங்க.”

“அது அனுபவக் கருத்தும்மா. பின்னிணைப்புல போட்டுக்கலாம்.”

“எங்களையா?”

“கருத்தை.”

அழகி ரகுநாத் பக்கம் திரும்பினாள். “தம்பி, எந்தெந்தக் கெழமை எண்ணுனீங்க?”

ரகுநாத் ஆர்வமாக நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்குத் தனி அத்தியாயமே இருந்தது. “திங்கள், புதன், சனிம்மா. விசைப்படகு கடலுக்குப் போற நாள். அன்னைக்குத்தான் ஊரே பரபரப்பா இருக்கும்னு, விசாரிச்சுத்தான் தேர்ந்தெடுத்தோம்.”

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. அழகியின் பக்கத்தில் இருந்த பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போட்டு கடலுக்குப் போற அன்னைக்கு எங்ககிட்ட ஏதுங்க மீனு?” என்றாள் அழகி. “கூடைக்குள்ள நாங்களே குத்தவச்சுப் போகவா? திங்கக்கெழம போற போட்டு செவ்வாக்கெழம விடியத்தான் கரைக்கு வரும். செவ்வா, வியாழன், ஞாயிறுதான் எங்க நாளு. அன்னைக்கு ஒரு தடவ ஏறிப் பாத்திருந்தா எண்ண வந்த ஒங்க ரெண்டு பேருக்கும் நிக்கவே எடம் கெடச்சிருக்காது.”

ரகுநாத் அறிக்கையைப் புரட்டினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் செவ்வாய்க்கிழமை இல்லை.

சூர்யநாராயணன் தொண்டையைச் செருமினார். “முக்கியமான அவதானிப்பு. மறு ஆய்வுக்குப் பரிந்துரைப்போம். அடுத்த நிதியாண்டுல.”

“அடுத்த வருசம் வரைக்கும் மீனு தாங்காதுங்களே.”

“இன்னைக்கு நீங்க சொல்றதை வச்சு முடிவெடுக்க முடியாதும்மா. சான்று வேணும்.”

“வெளியதான் வச்சிருக்கோம். பரிமளா, எல்லாரையும் எடுத்தாரச் சொல்லு.”

பரிமளா வெளியே போனாள். பிறகு வெளியே காத்திருந்த பெண்களின் தலையில் கூடைகள் வந்தன. வாசல், நடைபாதை, முன்வரிசை என்று நிறைந்து, நாற்காலிகளுக்கு இடையிலும் இறங்கின. இடம் போதாமல் ஒரு நண்டுக் கூடை மேடை மேசையில், அறிக்கையின் மேலேயே உட்கார்ந்தது. வழவழப்பான அட்டை அரை நிமிடம் தாக்குப்பிடித்தது. பிறகு மீன்தண்ணீர் முன்னுரைக்குள் இறங்கியது.

சூர்யநாராயணன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். “கூட்டம் முடிஞ்சுருச்சு. எல்லாரும் கெளம்பலாம்.”

“எதுலங்க கெளம்புறது?” என்றாள் அழகி. “மீன் வண்டியில தொத்திக்கிட்டு வந்தோம். அவன் எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். ஒன்பது மணி பஸ்ஸும் போயிருச்சு. அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஆர்டர் போடுங்க, கெளம்புறோம். இல்லாட்டி வியாழக்கெழமயும் இங்கிட்டுத்தான் வருவோம். ஞாயித்துக்கெழம ஆபீசு லீவு, ஒங்க வீடு எங்கன்னு மட்டும் சொல்லிருங்க.”

அவள் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரோ வெற்றிலைப் பையைத் திறந்தார்கள்.

ரகுநாத் டேப்லெட்டை எடுத்தார். அதிகாரி முறைத்ததைக் கவனிக்காமல் எண்ணத் தொடங்கினார். பதினேழில் குழம்பி நின்றார்.

“பதறாம மொதல்லேருந்து எண்ணுங்க தம்பி,” என்றாள் அழகி. “நாங்க எங்கிட்டும் போகல.”