காயாத காடு

அம்மாவைக் கிடத்தக் கூடத்தை ஒழித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா பின்பக்கமாகவே நகர்ந்துபோய் அம்மா வரைந்த ஓவியத்தின்மேல் சாய்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் பச்சை.

"செத்தும் அண்ணி என்னைச் சும்மா விடல பாரு," என்றார். அண்ணன் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான். ஓவியத்தை எடுத்துப்போய் நடையில் சாய்த்து வைத்தான்.

மகள் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாகியுமா இது காயவில்லை?

அஞ்சலகத்தில் முப்பத்தைந்து வருடம் கடிதங்களை ஊர்வாரியாகக் கட்டங்களில் பிரித்துப் போட்ட அம்மா, ஓய்வு பெற்றதும் எண்ணெய் ஓவியம் கற்கப் போனாள். பழைய காட்டோவியம் ஒன்றின் அச்சுப்படத்தைக் கொடுத்து, பார்த்து வரையச் சொன்னார்கள். மரங்களுக்கு நடுவே ஓர் ஓடை. பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் கால் வைக்கும் ஒரு பெண். அச்சுப்படத்திலும் ஓவியத் துணியிலும் கட்டம் போட்டு, கடிதம் பிரிப்பதுபோலவே கட்டம் கட்டமாக ஏற்றினாள் அம்மா.

மகளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தது அப்போதுதான். அம்மாவைத் துணைக்கு வரச்சொல்லிக் கேட்டாள்.

"படம் இன்னும் காயலடி. காஞ்சதும் வரேன்."

அடுத்த மாதமும் அதே பதில். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நேற்றுக் காலை, தூரிகை கழுவும் தொட்டியருகே விழுந்த அம்மா எழவில்லை.

நடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, வண்ணம் சுரண்டும் கத்தியோடு மகள் ஓவியத்தின் முன் உட்கார்ந்தாள். ஓடைப் பெண்ணின் முகத்தில் தன் சாயல் இருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது. தேடிய தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அச்சுப்படத்தின் அதே முகம்தான். யாரோ ஒருத்தி. இந்த யாரோ ஒருத்திக்காகத்தான் அத்தனை நாளும்.

கத்தி முகத்தைத் தொடுமுன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓவிய வகுப்பு நடத்துகிறவள். இவள் வயதுதான் இருக்கும். சித்தப்பா கலைத்த மரத்தைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தாள்போல.

"நோண்டாதீங்க. இன்னும் கெட்டுப்போயிடும்."

அவளாகவே பேச்சை எடுத்தாள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததாம். இலை பளபளக்க வேண்டுமென்று அம்மா தாராளமாக ஊற்றிவிடுவாளாம்; அதனால்தான் காயவேயில்லையாம்.

"உங்களுக்குத்தான் போட்டாங்க. நீங்க படுத்திருக்கற கட்டிலுக்கு எதிரே மாட்டணுமாம். தினமும் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க. விரல்ல ஒட்டினா அன்னிக்கு முழுக்க எனக்குத்தான் திட்டு."

"வெறுங்கையோட வந்திருந்தா என்னவாம்?"

வந்தவள் கத்தியை வாங்கக் கை நீட்டினாள். மகள் கொடுக்கவில்லை.

"படமா கேட்டேன் நான்? தலை வாரிவிட ஆளில்லாம கிடந்தேன்."

உள்ளே ஆட்கள் அம்மாவைத் தூக்கினார்கள். வாசலுக்கு அந்தக் குறுகலான நடை ஒன்றுதான் வழி.

"அதை யாராவது எடுங்கப்பா, எல்லாரும் பச்சையாயிடப் போறோம்," என்றார் சித்தப்பா.

யாரும் அசையவில்லை. மகள் கத்தியைச் சன்னலில் போட்டுவிட்டு எழுந்தாள். ஈரப்பக்கம் தன்னை நோக்கியிருக்க, விளிம்பை இரு கைகளாலும் பிடித்து, தன்மேல் படாமல் சற்றே நீட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

அம்மா கடந்து போனாள். ஓவியத்தின் மேல்விளிம்புக்கு அப்பால் நெற்றி மட்டும் தெரிந்தது. கைகள் தாழ்ந்தன, மறுபடி நேராக்கிக்கொண்டாள்.

அவிழ்ந்த தன் தலைமுடியிலிருந்து ஒரு கற்றை சரிந்து கன்னத்தில் ஒட்டியது. ஒதுக்கக் கை இல்லை. ஊதிப் பார்த்தாள். அது நகரவில்லை.