பௌர்ணமிக்கு வைத்த புதுமுக விழா

எங்கள் கல்லூரியில் பதினேழு மன்றங்கள் இருக்கின்றன. வானியல் மன்றம் உண்டு, தொலைநோக்கி கிடையாது. நாடக மன்றம் உண்டு, நாடகம் கிடையாது. சதுரங்க மன்றத்துக்குப் பலகை இருக்கிறது. ஆனால் அதை முதல்வர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தால் காய் தொலைந்துவிடுமாம். பதினேழுக்கும் பொதுவானது வருடத்துக்கு ஒரு புகைப்படம். தர மதிப்பீட்டுக் குழு வந்தால் ஒவ்வொரு மன்றத்துக்கும் தேதியும் இடமும் பதிந்த ஜியோ டேக் போட்டோ காட்ட வேண்டும். அதனால் ஒரே வேப்பமரத்தடியில் ஒரே முப்பது பேரை நிறுத்தி, பின்னால் பேனரை மட்டும் மாற்றி மாற்றிப் பதினேழு படம் எடுத்துவிடுவோம். நடுவில் சட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு நேர்மை உண்டு.

நான் எழிலரசி, வேதியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டித்தால்தான் எனக்கு வேலை. இப்படிப்பட்டவர்கள் தலையில்தான் கல்லூரியின் இலட்சியங்கள் எல்லாம் வந்து விழும். இந்த ஆண்டு ‘புதுமுக மாணவர் ஈடுபாட்டுக் குழு’ என்று ஒன்றைத் தொடங்கி, என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார் முதல்வர் சக்கரவர்த்தி. குழுவில் வேறு ஆள் இல்லை.

“ஃபர்ஸ்ட் இயர் பசங்க காலேஜோட ஒட்ட மாட்றாங்க மேடம். வர்றாங்க, பாடம் கேக்கறாங்க, பஸ்ஸ புடிச்சு போயிடறாங்க. அவங்கள ஈடுபடுத்தணும்” என்றார்.

“எப்படி சார்?”

“விழா வைங்க.”

எங்கள் முதல்வரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். பெண்கள் கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகள் மனு கொடுத்தபோது உலகத் தண்ணீர் நாள் விழா வைத்தவர் அவர். விழா நன்றாக நடந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை.

அந்த வாரம்தான் கவிநிலா டி.சி. கேட்டு என்னிடம் வந்தாள். முதலாம் ஆண்டு வேதியியல் மாணவி. நான்தான் அவளுடைய வகுப்பு ஆசிரியர். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா வேடியப்பன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கிறவர். அவளுடைய பள்ளியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது அவள் ஒருத்திதான். படிவத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“இன்னாம்மா ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் எதுவும் சொல்லல மேடம்.”

“அப்புறம் இன்னா?”

“அதான் மேடம். ரெண்டு மாசமாச்சு, யாரும் ஒரு வார்த்த பேசல. எல்லாம் டவுன் பொண்ணுங்க, ஒரே ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவங்க. தள்ளி உக்காருன்னு சொல்றதோட சரி. காலைல பஸ்ல கண்டக்டர் பேசறாரு, சாயந்திரம் வூட்ல அம்மா பேசுது. நடுவுல நான் வாயே தொறக்கறதில்ல.”

“படிப்ப நிறுத்திட்டு இன்னா பண்ணப்போற?”

“எங்க அக்காவும் போன வருஷம் நின்னுச்சு மேடம். தை மாசமே கல்யாணம் பண்ணிட்டாங்க” என்றாள், நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல.

முதல் தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள். விடைத்தாளைத் திருத்திவிட்டு ‘நன்று’ என்று எழுதியிருந்தேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவள் குரலையே நான் அன்றுதான் கேட்கிறேன். ஊரையெல்லாம் கேலி பேசும் எனக்கு அது அப்போது உறைத்தது.

“பாரு கவிநிலா, உங்களுக்காகத்தான் ஒரு விழா வைக்கறோம். மேடையில நீ ரெண்டு நிமிஷம் பேசு. காலேஜே உன்னைப் பாக்கும். நாலு பேரு தானா வந்து பேசுவாங்க. அப்படி ஒருத்தரும் பேசலைன்னா மறுநாளே நானே கையெழுத்து போட்டுத் தர்றேன்.”

“மேடையிலயா மேடம்? நானா?”

“நீதான்.”

அவள் சிரித்தாள். படிவத்தை என் மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு, என்ன பேசலாம் என்று இப்போதே யோசித்துக்கொண்டு போகிறவள் மாதிரி போனாள்.

அடுத்த நாள் முதல்வர் தேதி குறித்தார். ஆவணி பௌர்ணமி.

சென்னையில் இருக்கும் பெரிய மனிதர்களுக்குத் திருவண்ணாமலைக்கு வர மனம் வருவது மாதத்தில் ஒரு நாள்தான். எங்கள் கல்லூரிக்கு எந்தச் சிறப்பு விருந்தினர் வந்தாலும் பௌர்ணமி அன்றுதான் வருவார். காலையில் எங்களுக்கு அறிவுரை, சாயந்திரம் அவருக்குக் கிரிவலம். இடையில் கூட்டத்தில் சிக்காமல் தரிசனம் செய்துவைக்க ஆள் பிடிப்பது எங்கள் பொறுப்பு. மகளிர் தினத்தைப் பங்குனி பௌர்ணமியிலும், ஆசிரியர் தினத்தைப் புரட்டாசி பௌர்ணமியிலும் கொண்டாடிய கல்லூரி எங்களுடையதாகத்தான் இருக்கும். சுதந்திர தினத்தை மட்டும் இன்னும் நகர்த்த முடியவில்லை.

இந்த முறை வருகிறவர் அப்பாதுரை, தன்னம்பிக்கைப் பேச்சாளர்.

“சார், அன்னிக்கு ஊருக்குள்ள பஸ்ஸே வராது. எல்லாத்தையும் வெளியிலயே நிறுத்திடுவாங்க. அடி அண்ணாமலை பசங்க கிரிவலப் பாதையில அவங்கவங்க கடையில நிக்கணும். ஃபர்ஸ்ட் இயர்ல முக்கால்வாசி பேரு வரவே முடியாது” என்றேன்.

“வர்றவங்க வரட்டும் மேடம். அப்பாதுரை சாருக்கு வேற தேதி இல்ல.”

“பசங்களுக்காகத்தானே சார் விழா?”

“பசங்க தினமும் வர்றாங்க. அவரு தினமும் வருவாரா?”

இதற்குப் பதில் தெரியாமல் திரும்பிவிட்டேன் என்று சொன்னால் பொய். பதில் நாக்கு நுனியில் இருந்தது. என் ஒப்பந்தக் கோப்பு அவர் மேசைமேல் இருந்தது. கோப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கவிநிலாவிடம் சொன்னேன். “அன்னிக்கு பஸ் கஷ்டம்டா. முடியலைன்னா விட்டுடு, வேற நாள் பாத்துக்கலாம்.”

“வந்துடுவேன் மேடம். எழுதிட்டேன். அம்மாகிட்ட படிச்சிகூட காட்டிட்டேன்” என்றாள்.

விழா நாளும் வந்தது. முதலாம் ஆண்டில் முந்நூற்று எண்பது பேர். அரங்கில் முந்நூறு நாற்காலி போட்டிருந்தோம். ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்திருந்த புதுமுகங்களை எண்ணினேன், பத்தொன்பது பேர். கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துவிட்டு மாப்பிள்ளையை அழைக்க மறந்த வீடு மாதிரி இருந்தது. முதல்வர் ஒரு நிமிடம்தான் கலங்கினார்.

“ஹாஸ்டல்ல தேர்ட் இயர் பசங்க இருக்காங்க இல்ல? கூட்டிட்டு வாங்க. கம்மியா இருந்தா செகண்ட் இயரையும் சேத்துக்கோங்க.”

கூட்டிக்கொண்டு வந்தோம். ‘நான் புதுமுகம்’ என்று அச்சடித்து, மஞ்சள் ரிப்பன் வைத்துத் தைத்த முந்நூறு பேட்ஜில் மீதியெல்லாம் அவர்கள் மார்பில் ஏறின. மூன்றாம் ஆண்டு கோபிக்கு ஆறு அரியர் இருக்கிறது, மூன்று விரற்கடைத் தாடி இருக்கிறது. பேட்ஜைக் குத்திக்கொண்டு என்னிடம் வந்து, “மேடம், புதுமுகத்துக்கு தாடி ஜாஸ்தியா தெரியுதா? ஓடிப்போய் ஷேவ் பண்ணிட்டு வரட்டா?” என்று கேட்டான். சிரிக்கக்கூட நேரமில்லை. முதல்வர் அவனைக் கூப்பிட்டு, புதுமுகங்கள் சார்பாகப் பேச வேண்டியது அவன்தான் என்று சொல்லிவிட்டார்.

“சார், அதுக்கு கவிநிலான்னு ஒரு பொண்ணு...”

“எங்க அந்தப் பொண்ணு?”

“இன்னும் வரல சார்.”

“வராதவங்களுக்கு எப்படி மேடம் மைக் குடுக்கறது?”

பதினொன்றே முக்காலுக்கு அவள் வந்தாள். திண்டிவனம் சாலையில் ஊருக்கு வெளியே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறது கல்லூரி. ஆட்டோக்காரர்களைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் விடவில்லை. கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக ஆறு கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறாள். செருப்பு அறுந்து கையில் இருந்தது. புதுச் சுடிதார் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. நெற்றியில் வழியில் யாரோ பூசிவிட்ட விபூதி. இன்னொரு கையில் நான்காக மடித்த தாள்.

வாசலில் நின்ற இரண்டாம் ஆண்டுத் தன்னார்வலன் அவளைத் தடுத்தான். “பேட்ஜ் இல்லாம உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஃபர்ஸ்ட் இயர் சீட்டெல்லாம் ஃபுல்லு.”

அப்போது மேடையில் கோபி பேசிக்கொண்டிருந்தான். “நான் ஒரு குக்கிராமத்துலேர்ந்து வர்றேன். மொத நாள் எனக்கு இங்க யாரையும் தெரியாது. பயந்து பயந்து உள்ள வந்தேன். இந்தக் காலேஜ் தாயா வந்து என்னைக் கட்டிப்புடிச்சுது.” அவன் அப்பா சென்னையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அப்பாதுரை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது. கவிநிலா வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

நான் அவளை நோக்கிப் போனேன். எப்படியாவது உள்ளே இழுத்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிடலாம் என்றுதான் போனேன். அதற்குள் அப்பாதுரை மேடையிலிருந்து இறங்கிவிட்டார். இளைஞர்கள் நடுவில் நடந்துகொண்டே பேசுவதுதான் அவர் பாணியாம். போட்டோகிராபரும் முதல்வரும் பின்னால் ஓடிவர, நேராக வாசலுக்கு வந்து நின்றார்.

“இந்தப் பொண்ணு யாரு? ஏன் வாசல்லயே நிக்குது?”

முதல்வர் என்னைப் பார்த்தார். முதலாம் ஆண்டு மாணவி என்று சொன்னால் ஏன் பேட்ஜ் இல்லை என்று கேட்பார். பேட்ஜ் யாரிடம் இருக்கிறது என்று அடுத்துக் கேட்பார். முதல் வரிசையில் கோபி தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கிரிவலம் வந்தவங்க சார். தண்ணி கேட்டு வந்திருக்காங்க” என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. முதல்வர் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். பயந்தவளுக்குப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கவிநிலா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்கு ஒன்று புரிந்துவிட்ட முகத்தோடு பார்த்தாள். மடித்த தாளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஆமா சார். தண்ணி” என்றாள்.

அப்பாதுரை தன் கையிலிருந்த பாட்டிலை அவளிடம் கொடுத்தார். “எங்கேருந்து நடந்து வர்றம்மா?”

“திண்டிவனம் ரோட்டுலேர்ந்து.”

“செருப்பு?”

“அறுந்துடுச்சு சார்.”

அவர் அரங்கத்தைப் பார்த்துத் திரும்பினார். “மாணவர்களே, பாருங்க! செருப்பு அறுந்தாலும் நடையை நிறுத்தல. இதுக்குப் பேருதான் தன்னம்பிக்கை! இந்தத் தங்கச்சிக்கு ஒரு கைதட்டு குடுங்க!” முந்நூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்தப் பத்தொன்பதில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். ஒருத்திக்குக்கூட அவளை அடையாளம் தெரியவில்லை. போட்டோகிராபர் மூன்று கோணத்தில் படம் எடுத்தார்.

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். நான் விருந்தினருக்குச் சால்வையை எடுத்து நீட்டிவிட்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“கையெழுத்து போடறேன்னு சொன்னீங்க மேடம்.”

“கவிநிலா, நேத்து நான் செஞ்சது...”

“பரவால்ல மேடம். உங்களுக்கு வேலைக்கு பிரச்சன வரும்னு தோணுச்சு. அதான் ஆமான்னு சொன்னேன்.”

பதினெட்டு வயசுப் பெண், ரெண்டு மாதமாக ஒரு ஜீவன் பேசாத இடத்தில், எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். இந்தக் கல்லூரியில் ஒருவர் இன்னொருவருக்காகச் செய்த ஒரே காரியத்தை, கல்லூரியில் ஒட்டாதவள் என்று நாங்கள் முடிவு கட்டிய பெண் செய்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது, முதல்வர் மேல் பாதி, என் மேல் மீதி.

“இன்னும் ஒரு மாசம் இரு. நானே உன்கூட உக்காந்து சாப்பிடறேன். லேபுக்கு வா. சாயந்திரம் பஸ் வர்றவரைக்கும் நானே பேசறேன்.”

“அப்புறம் என்கூட பேசறதும் உங்க வேலையா மாறிடும் மேடம்” என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று தரையைப் பார்த்தாள்.

படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில், தாள் கிழியும்படி அழுத்தி எழுதினேன்: ‘இந்த மாணவி யாரென்றே தெரியாது என்று வகுப்பு ஆசிரியரே சொன்னதால்.’ முதல்வர் படிக்கட்டும், வேலை போனால் போகட்டும் என்று ஒரு வேகம். அந்த வேகம் முந்தின நாள் பன்னிரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும்.

அவள் எதிரில் நின்றபடியே தலைகீழாகப் படித்தாள்.

“அது வேணாம் மேடம். டி.சி. வாங்க எங்கப்பாதான் வருவாரு. எழுத்துக் கூட்டி படிப்பாரு. எங்க பொண்ண யாரும் மதிக்கலன்னு தெரிஞ்சா அவருக்கு தாங்காது. சொந்தக் காரணம்னு போடுங்க.”

வேறு படிவம் எடுத்தேன்; அப்பாவின் கையெழுத்தை அவர் வரும்போது வாங்கிக்கொள்ளலாம். அவள் சொன்னதை எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் அதை வாங்கி, மை காய ஒரு தடவை ஊதி, பைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டாள். அப்பா அடுத்த திங்கட்கிழமை வருவார் என்றும், அன்றைக்கு அவரிடம் நாலு வார்த்தை பேச நான் லீவு போடாமல் இருந்தால் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.