முதல் பெஞ்சு

முற்பகல் பதினொரு மணிக்கு அந்தக் கட்டுரை என் திரையில் சிவப்பாக வந்து விழுந்தது. ஓரத்தில் 94 என்றிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு ஏஐ எழுதியது என்று அர்த்தம். யார் அனுப்பியது என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். முதல் பெஞ்சு.

அது வகுப்பு வைத்த பட்டப்பெயர். எங்களுடையது இணையவழிக் கல்லூரி. நாற்பத்தெட்டு பேர், நாற்பத்தெட்டு சின்னக் கட்டங்கள், பெரும்பாலானவை கறுப்பு. கேமராவைப் போட்டு முகம் காட்டுகிறவர்கள் நான்கைந்து பேர்தான். அவர்களில் எப்போதும் முதலில் வந்து உட்கார்கிறவள் அவள். "இல்லாத பெஞ்சுல முதல் பெஞ்சா? நல்லா இருக்கே" என்று என் கணவர்கூடச் சிரிப்பார். நாற்பத்து மூன்று வயது. மருத்துவமனையில் வார்டு ஊழியர். மலத்தட்டு எடுப்பது, படுக்கை மாற்றுவது, நடக்க முடியாதவர்களைத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவள் வேலை. துணிகள் அடுக்கும் அறையிலிருந்துதான் வகுப்புக்கு வருவாள். பின்னால் வெள்ளைப் போர்வைகள் கூரை வரைக்கும் நிற்கும். யாராவது கூப்பிட்டால் "ரெண்டு நிமிஷம் டீச்சர்" என்று எழுந்து ஓடுவாள். அந்த இரண்டு நிமிடமும் நான் போர்வைகளைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவேன். இந்தப் படிப்பை முடித்தால் அவள் வார்டு மேற்பார்வையாளர் ஆகலாம். இருபது வருடமாக நின்ற கால், கொஞ்சம் உட்காரும்.

"பணியிடத்தில் மறக்க முடியாத ஒரு நாள்" என்பது தலைப்பு. அவள் இப்படித் தொடங்கியிருந்தாள்: 'மனித வாழ்வில் மரணம் என்பது தவிர்க்க இயலாத ஒன்றாகும். இது நமது சிந்தனையில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இதனை மூன்று கோணங்களில் அணுகலாம்.' எனக்கு எரிச்சல் வந்தது. இவளுமா என்று நினைத்தேன். இரண்டாம் பக்கம் போனபோதுதான் அந்த வரிகள் வந்தன. உறவினர் வந்து சேராத ஒரு பெரியவரின் உடலைத் துடைத்து, நகம் வெட்டியதைப் பற்றி. 'உயிரோடு இருப்பவர்களுக்கு வெட்டும்போது வலிக்குமோ என்று கை நடுங்கும். அவருக்கு நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அழுகையைத் தந்தது.' பிறகு மறுபடியும் மூன்று கோணங்கள், முடிவுரை. அந்த மூன்று வரியையும் எந்த இயந்திரமும் எழுதாது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அவள்.

உடனே அழைத்தேன். போர்வைகளுக்கு முன்னால் முகம் வந்தது. கையுறையை இன்னும் கழற்றவில்லை.

"நான் திருடலை டீச்சர்."

"தெரியும்மா. ஆனா இந்த மத்த வரியெல்லாம் எப்படி எழுதுனீங்க? யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"உங்ககிட்டதான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் கையுறையை உரித்துப் போட்டுவிட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தடிமனான நோட்டை எடுத்துக் கேமரா முன் விரித்தாள். பக்கம் பக்கமாகக் கையெழுத்து. கல்லூரித் தளத்தில் இருக்கும் என் மாதிரிக் கட்டுரைகள் நாற்பதையும் அவள் கையால் பார்த்து எழுதியிருந்தாள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் சிவப்பு மையில் என் பெயர், கீழே கோடு.

"எட்டாங்கிளாஸோட நின்னவ நான். எனக்கு எழுத எங்க தெரியும்? பஸ்ல போகும்போது, வரும்போது, இதை மனப்பாடம் பண்ணுனேன். அச்சு அசலா நீங்க எழுதற மாதிரியே வரணும்னு. 'முக்கியப் பங்கு வகிக்கிறது'னு நீங்க எழுதுவீங்கள்ல? அதெல்லாம் எனக்கு இப்ப தானா வருது டீச்சர்."

அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தக் கட்டுரைகளை நான் எழுதவில்லை. முன்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் எடுக்கும். அடித்து அடித்துத் திருத்துவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்லூரி, இனி பாடக்குறிப்பையும் மாதிரிக் கட்டுரைகளையும் ஏஐ தயாரிக்கும், ஆசிரியர்கள் சரிபார்த்தால் போதும் என்றது. ஒரே ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, பாதி தூக்கத்தில், நாற்பது கட்டுரைகளுக்கும் 'சரி' என்ற பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொன்றின் கீழும் என் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஒருத்தி படித்திருக்கிறாள். எழுத்தெண்ணிப் படித்திருக்கிறாள்.

இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். நோட்டிலிருந்த சிவப்புக் கோடு நேராக இருந்தது. அளவுகோல் வைத்துப் போட்டிருக்க வேண்டும். "நான் பேசிப் பார்க்கறேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளர் என் மகள் வயதுப் பெண். மரியாதையானவள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. அப்ப மாதிரிக் கட்டுரையெல்லாம் ஏஐ எழுதுனதுன்னு எழுத்துல குடுங்க. மேல அனுப்பறேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா அது?"

"தெரியும் மேடம். ஆனா தளத்துல 'ஆசிரியரே எழுதியது'ன்னு போட்டிருக்கோம். நீங்களும் உறுதிமொழி குடுத்திருக்கீங்க. அடுத்த வருஷம் எத்தனை ஆசிரியர் வேணும்னு இப்பதான் பேசிட்டிருக்காங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அன்று மாலை கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதினேன். கணவர் பின்னால் நின்று படித்தார். அவர் வேலையிலிருந்து நின்று ஏழு மாதமாகிறது. "எழுதறது எழுது. நான் ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை. நாளைக்கு அனுப்பலாம் என்று மூடி வைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். மூன்றாம் நாள், கட்டுரை பற்றி நான் முடிவு சொல்ல வேண்டிய கெடு முடிந்தது. திரையில், 'முறைகேடு உறுதி' என்றொரு பொத்தான் எனக்காகக் காத்திருந்தது. அழுத்தினேன். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். நான் இரண்டு முறை எடுக்காமல் விட்டு, மூன்றாவது முறை எடுத்தேன்.

"மன்னிப்புக் கடிதம் குடுத்துட்டேன் டீச்சர்."

"நீங்க எதுக்கும்மா? தப்பே பண்ணலையே!"

"பண்ணலைன்னு சொன்னா விசாரணை, அது இதுன்னு ஒரு வருஷம் போகுமாம். பண்ணுனேன்னு சொன்னா மூணே நாள்ல மறுபடி எழுத விடறாங்களாம். பண்ணுனேன்னு சொல்லிட்டேன்." சிரித்தாள். "நீங்க எனக்காக ரொம்பப் பேசுனீங்களாம். காலேஜ் ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சொன்னா. உங்க மனசு யாருக்கு வரும்?"

"கட்டுரையை எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அனுப்பிட்டேன் டீச்சர். எங்க வார்டு நர்ஸ் ஒருத்தி சொல்லிக் குடுத்தா. ஏஐ கிட்ட எழுதச் சொல்லி, அதை இன்னொரு சைட்ல போட்டா, அது அங்கங்க தப்பு வச்சுக் குடுக்குது. மனுஷங்க எழுதுன மாதிரியே. பத்து நிமிஷம் ஆகலை." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "நான் முட்டாள் டீச்சர். நாலு மாசம் உக்காந்து எழுதி எழுதிப் பார்த்தேன்."

அவள் வைத்த பிறகு தளத்தைத் திறந்தேன். கட்டுரை பச்சையாக நின்றது. ஓரத்தில் 3. மறக்க முடியாத நாளாக, மருத்துவமனையில் நடந்த ஏதோ பாராட்டு விழாவைப் பற்றி எழுதியிருந்தது. நகம் இல்லை, பெரியவர் இல்லை. 'மகிழ்ச்சி' ஒற்று இல்லாமல் 'மகிழ்சி' என்று இருந்தது. 'அவர்கள் வந்தார்' என்று ஒரு வரி. லகரத்துக்கு ளகரம், இரண்டு இடத்தில்.

வெயில் மேசைக்கு ஏறியிருந்தது. கல்லூரியின் விதிப்படி ஒவ்வொரு கட்டுரையிலும் ஆசிரியர் குறைந்தது ஐந்து பிழைகளையாவது குறித்துக் காட்ட வேண்டும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'மகிழ்சி'யை வட்டமிட்டு, விடுபட்ட 'ச்'சைச் சேர்த்தேன். பிறகு 'வந்தார்' என்பதை 'வந்தார்கள்' ஆக்கினேன். யாரும் செய்யாத பிழைகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்திக்கொண்டு கீழே இறங்கினேன்.